ஆளில்லாமல் நின்ற ஐந்து பேருந்துகள்

வங்கதேசத்தில் அகதி முகாம்கள் உள்ள காக்ஸ் பஜாரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்தபோது என் வேலை அட்டவணை போடுவது. மியான்மரிலிருந்து விரட்டப்பட்டு வந்த ரோஹிங்யா முஸ்லிம்கள் அங்கே திரும்பும் நாளில் எத்தனை வண்டி, எவ்வளவு குடிநீர், கர்ப்பிணிகளை எதில் ஏற்றுவது என்று எல்லாவற்றுக்கும் கட்டம் வைத்திருந்தேன். 2019 ஆகஸ்ட் 22 அன்று எல்லையோர டெக்னாஃபில் ஐந்து பேருந்துகள் காத்து நின்றன. மூவாயிரத்துச் சொச்சம் பெயர்களை மியான்மர் ஏற்றிருந்தது. ஒருவர்கூட ஏறவில்லை. 2018 நவம்பரிலும் இதே கதைதான்.

அந்த ஆகஸ்ட் 22க்கு முந்தைய வாரம், மியான்மரின் ராக்கைன் மாநிலத்து மங்டோ பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவரின் முகாம் குடிலில் படிவத்தோடு உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் போக விருப்பமா என்று கேட்டேன், மொழிபெயர்ப்பாளர் தம்பி அவர்கள் பேச்சில் சொன்னான். அவர் பதில் சொல்லாமல் மூங்கில் இடுக்கிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை உருவினார். அப்பாவின் பழைய தேசியப் பதிவு அட்டை நகல், நிலவரி ரசீது, அப்புறம் 2015இல் வெள்ளை அட்டை என்ற தற்காலிக அடையாள அட்டை செல்லாது என்று அரசு வாங்கிக்கொண்டபோது கொடுத்த துண்டுச் சீட்டு. அப்பாவுக்கு அட்டை, மகனுக்குத் துண்டுச் சீட்டு, பேரனுக்கு ஒன்றுமில்லை. இடையில், ரோஹிங்யாக்களைக் குடிமக்களாக ஏற்காத 1982 குடியுரிமைச் சட்டம். இப்போது போனால் சரிபார்ப்பு அட்டை தருவார்களாம், அதை வாங்கினால் நான் வெளிநாட்டான் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி என்றார். "எங்கே போகச் சொல்றீங்க, என் ஊருக்கா, இன்னொரு முகாமுக்கா?"

2012 கலவரத்துக்குப் பின் ராக்கைன் தலைநகர் சித்வேயின் முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் இன்னும் அங்கேயே கிடப்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊருக்குப் போக அவருக்கு ஆசைதான், ஆனால் படிவத்தில் ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள், நான் இல்லை என்று குறித்தேன். பிறகு, சொந்த கிராமத்தில் இப்போது யார் இருக்கிறார்கள், நிலம் யார் கையில் என்று இரண்டு கேள்விகள் சேர்த்துப் பார்த்தேன். அது நம் வேலை இல்லை என்று மேலதிகாரி எடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, போய்ப் பார்க்க எங்களை யார் விட்டார்கள்?

2023 மே மாதம் முகாம்களிலிருந்து ரோஹிங்யாக்கள் இருபது பேரை மங்டோவுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். முகாம் வேண்டாம், எங்கள் ஊர் வேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். அதற்குள் 2017 நவம்பரில் அகதிகளைத் திரும்ப ஏற்பதாக வங்கதேசத்தோடு ஒப்பந்தம் போட்ட மியான்மர் அரசையே ராணுவம் கவிழ்த்திருந்தது, 2024 டிசம்பரில் மங்டோவும் ராணுவத்தை எதிர்த்துப் போரிடும் அரக்கான் ஆர்மி என்ற ஆயுதக் குழுவின் கைக்குப் போனது. இன்று யாராவது என்னை மறுபடி திட்டம் போடச் சொன்னால், வண்டிக் கணக்கைத் தொடும் முன் யாரோடு பேசுகிறோம் என்று கேட்பேன்: தலைநகர் நேபிடோவில் இருப்பவர்களோடா, மங்டோவை இப்போது வைத்திருப்பவர்களோடா? அந்தப் பேச்சில் பிளாஸ்டிக் பைக்காரர்கள் உட்கார நாற்காலி உண்டா?