வலது 132, இடது 94

மே 6, சத்துவாச்சாரி

கொடியில் ஈரத்துணி போடும்போது இடது கை பாதியிலேயே சோர்ந்துவிடுகிறது. கையைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் நின்றால் சரியாகிறது. அக்னி நட்சத்திரம், வேலூர் வெயில், அதனால்தான் என்று சொல்லிப் பார்த்தேன். வலது கைக்கு மட்டும் வெயில் அடிக்கவில்லையா என்று வீட்டுக்காரர் கேட்டார்.

சார்காய்டோசிஸ் வந்து நாலு வருஷம். நுரையீரல், நெறிக்கட்டி என்று உடம்புக்குள் அணுக்கள் திரண்டு முடிச்சு முடிச்சாக அழற்சி உண்டாக்கும் நோய். முதலில் ஒரு கிளினிக்கில் டிபி என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். இருமல், மார்பு எக்ஸ்ரேயில் வீங்கிய நெறிக்கட்டிகள், எல்லாம் அப்படியே டிபி மாதிரிதான். பிறகு மூச்சுக்குழாய் வழியாகக் கருவி விட்டு, நெறிக்கட்டியில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். அணுக்கள் திரண்ட சின்ன முடிச்சுகள் இரண்டு நோயிலும் உண்டு. டிபி முடிச்சின் நடுப்பகுதி பெரும்பாலும் நைந்து தயிர்க்கட்டி போலாகிவிடும். என்னுடையது நையவில்லை, கிருமியும் இல்லை.

மே 9

டாக்டர் வலது மணிக்கட்டைப் பிடித்தார், அப்புறம் இடது. இடதில் விரலை நகர்த்தி நகர்த்தி வைத்தார், பேசவில்லை. பிபி வலது கையில் 132, இடதில் 94. நாலு வருஷத்தில் எத்தனையோ முறை பிபி பார்த்தாயிற்று, எப்போதும் வலது கைதான். மேஜை அந்தப் பக்கம் இருக்கும், நானும் அதைத்தான் நீட்டுவேன்.

கழுத்தெலும்புக்கு மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு, என்னையும் கேட்கச் சொன்னார். பாதி மூடிய குழாயில் தண்ணீர் போகிற மாதிரி சர்ர், சர்ர்.

மே 14

ஸ்கேனில் இடது கைக்குப் போகும் பெரிய தமனியின் சுவர் தடித்து, வழி குறுகியிருக்கிறது. தகாயாசு வகை ரத்தக்குழாய் அழற்சியாம். தகாயாசு ஜப்பானியக் கண் டாக்டர். 1908இல் ஒரு பெண்ணின் விழித்திரை ரத்தநாளங்களில் கண்டதைச் சொன்னவர். நாடியில்லா நோய் என்றும் பெயர் உண்டு.

இது புது நோயா, பழையதின் வேலையா? இதைத்தான் மூன்று விதமாகக் கேட்டேன். சார்காய்டோசிஸ் சின்னது, பெரியது என்று எந்த ரத்தக்குழாயையும் பிடிக்கலாம். இரண்டும் தனித்தனி நோயாக ஒரே ஆளிடம் இருந்ததும் உண்டு. என் விஷயத்தில் தீர்த்துச் சொல்ல அந்தத் தமனிச் சுவரையே வெட்டிப் பார்க்க வேண்டும், அதற்காகக் கத்தி வைக்க முடியாது என்றார். நுரையீரலில் கட்டி வைத்து சார்காய்டோசிஸ் வேஷம் போடும் இன்னொரு ரத்தக்குழாய் அழற்சியும் இருக்கிறதாம். அதற்கான ஆன்கா என்ற ரத்தப் பரிசோதனை நெகடிவ்.

எதுவானாலும் முதல் மருந்து ஸ்டீராய்டுதான் என்றதும் கொஞ்சம் நிம்மதி, நிறைய எரிச்சல். மறுபடி முகம் உப்பும்.

மே 17

ஸ்டீராய்டோடு மெத்தோட்ரெக்சேட், அழற்சியை அடக்கும் இன்னொரு மருந்து. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். காலண்டரில் வெள்ளிக்கிழமைகளைச் சுழித்து வைத்தேன்.

ஸ்டீராய்டு சாப்பிட்டால் எலும்பு தேயும் என்று எதிர்வீட்டு அக்கா கால்சியம், வைட்டமின் டி மாத்திரை கொண்டுவந்தார். வாங்கி வைத்தேன், போடவில்லை. சார்காய்டோசிஸ் முடிச்சுகளே வைட்டமின் டியைக் கிளப்பிவிட்டு ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும். ரத்தம் பார்க்காமல் போடக்கூடாது.

மே 30

கொடியில் ஐந்து துணி போட்ட பிறகுதான் கை சோர்ந்தது. நாடி இன்னும் இல்லை. மகன் தினமும் தேடிவிட்டு "இன்னைக்கும் லீவும்மா" என்கிறான்.

இடது கை அளவை நம்பினால் பிபி ஏறினாலும் தெரியாதாம். வெளியில் எங்கே பார்த்தாலும் வலது கையை நீட்டச் சொன்னார் டாக்டர். பைல் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் 'பிபி: வலது கை' என்று பெரிதாக எழுதினேன். நாலு வருஷமாக நீட்டிய அதே கை.