ஆள் மேய்ப்பதில் எது எரிச்சல்?

"ஆட்களை வைத்து வேலை வாங்குவதில் உங்களுக்கு எரிச்சல் தருவது எது?" சூப்பர்வைசர் வேலைக்கு இன்டர்வியூ என்று போனால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். சுற்றி வளைத்துக் கேட்பார்கள், ஆனால் கேட்காமல் விட மாட்டார்கள். நான் மணலி பக்கம் ஒரு சி.எஃப்.எஸ். யார்டில் ஷிப்ட் இன்சார்ஜ். துறைமுகத்துக்குப் போகிற, அங்கிருந்து வருகிற கன்டெய்னர்களை நிறுத்தி, சரக்கு ஏற்றி இறக்கி, சுங்கச் சோதனை முடித்து அனுப்புகிற இடம். இந்தக் கேள்விக்கு நானும் பதில் சொல்லியிருக்கிறேன். இப்போது மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கவும் செய்கிறேன்.

வருகிறவர்களில் பாதிப் பேர், "எரிச்சலே கிடையாது மேடம், எல்லாரும் குடும்பம் மாதிரி" என்பார்கள். சம்பளம் வாங்கிய மறுநாள் நைட் ஷிப்டுக்கு ஆள் வராமல், கேட்டில் ட்ரெய்லர்கள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்தவர் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார். (குடும்பத்தில் மட்டும் எரிச்சல் இல்லையா என்ன!) மீதிப் பேர் புகார்ப் புத்தகத்தைத் திறந்துவிடுவார்கள். குடித்துவிட்டு வருகிறான், போன் எடுப்பதில்லை, சொன்னால் காதில் வாங்குவதில்லை. நல்ல அனுபவம் உள்ள ஒருவர், "நார்த் மெட்ராஸ் பசங்களே இப்படித்தான் சார்" என்றார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேனேஜர் காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவர். சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் மரியாதைக்குக் கேட்டது.

அந்த அறையில் இல்லாத ஆளைப் பற்றி நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்றுதான் நாங்கள் காது கொடுத்துக் கேட்கிறோம். இன்றைக்கு அவனைப் பேசுகிறவர் நாளைக்கு எங்களையும் அப்படித்தான் பேசுவார்.

அப்படியானால் என்ன சொல்வது? நான் சொன்னது ஜூன் மாதக் கதை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் பக்கக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. முன்பு 45 நாளாக இருந்தது, 2017இல் கூட்டினார்கள். அந்த நாட்களில் படகு வேலை இல்லாத ஆட்கள் சிலர் லோடு வேலைக்கு வருவார்கள். மூட்டை தூக்குவதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. தடை முடிந்ததும் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். வலை, ஐஸ், டீசல் என்று எல்லாம் கரையில் தயாராக இருக்கும், எதற்கு வருவார்கள்? அவர்கள் போவதில் எனக்கு வருத்தமே இல்லை, அது அவர்கள் தொழில். நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் ஒவ்வொரு ஜூனிலும் ஆபீஸ், "என்னது, ஆள் வரலையா?" என்று புதிதாகக் கேட்பது போலக் கேட்கும். காலண்டரில் போட்டிருக்கிற தேதிக்கு ஆச்சரியப்படுவார்கள். எரிச்சல் அதில்தான்.

உடனே கேட்டார்கள்: "சரி, நீங்க என்ன செஞ்சீங்க?" இந்த இரண்டாவது கேள்வி வரும் என்று தெரிந்துதான் முதல் பதிலையே தேர்ந்தெடுக்க வேண்டும். மே மாதக் கடைசியிலேயே மேஸ்திரி அண்ணனோடு உட்கார்ந்து, யார் யார் கடலுக்குத் திரும்புகிறார்கள் என்று பெயர் பெயராக எழுதினேன். அந்த வாரத்தில் எந்தக் கப்பலுக்கு எப்போது கட்-ஆஃப் (பெட்டி துறைமுகத்துக்குப் போய்ச் சேர வேண்டிய கடைசி நேரம்) என்று பார்த்து, எந்தக் கன்டெய்னருக்கு முதலில் ஸ்டஃபிங், அதாவது சரக்கு ஏற்றுவது, என்று வரிசை போட்டு வைத்தேன். ஆள் குறைச்சல் தீர்ந்துவிடவில்லை. ஆனால் எந்தப் பெட்டியும் கப்பலைத் தவறவிடவில்லை. இப்படியே சொன்னேன். தீர்ந்துவிட்டது என்று அளந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

இன்னொரு எரிச்சலும் உண்டு. அதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். எங்களைப் போன்ற இடங்களில் ஆள் கான்ட்ராக்டருடையவர், வேலை சொல்வது நாம். அவர் கூலி தர இழுத்தடித்தால், கோபம் நம் முகத்தில் வந்து விழும். கான்ட்ராக்டர் தராவிட்டால் வேலை வாங்கும் நிறுவனமே கொடுத்துவிட்டு அவரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. இன்டர்வியூவில் இதைச் சொல்வதானால், யாருக்கு எழுத்தில் தெரிவித்தீர்கள் என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பழைய கம்பெனியின் வண்டவாளத்தை அவிழ்ப்பதாகத்தான் தெரியும்.

லேட்டாக வருவதை மட்டும் எரிச்சலாகச் சொல்லாதீர்கள். மெட்ரோ 2021இல் விம்கோ நகர் வரை வந்துவிட்டது, சரி. யார்டு வாசல் வரை யார் கொண்டுவந்து விடுவார்கள்? எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டியவருக்குத் தெரியும்.

இதையெல்லாம் எழுத வைத்தது தண்டையார்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி. பெரம்பூரில் ஒரு மளிகை டெலிவரி குடோனில் டீம் லீடர். மாதவரத்தில் பெரிய கிடங்கு ஒன்றில் இன்டர்வியூ வந்திருக்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"பசங்க எந்நேரமும் ரீல்ஸ் பாக்குறானுங்கக்கா."

"அப்புறம்? நீ என்ன செஞ்ச?"

"திட்டுவேன்."

"வேற?"

கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தான். ஷிப்ட் மாறும்போது ஸ்டாக் டேலி ஆகாதாம். நைட் ஆள் பகல் ஆளைச் சொல்வான், பகல் ஆள் நைட் ஆளைச் சொல்வான். இவன் மொத்தக் குடோனையும் எண்ணச் சொல்லவில்லை. அடிக்கடி குறைகிற தேங்காய் எண்ணெய், ஷாம்பு ரேக்கை மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து எண்ணி, ஒரே தாளில் கையெழுத்துப் போட வைத்திருக்கிறான். சண்டை பாதியாகக் குறைந்ததாம்.

"இதைச் சொல்றதுக்கு என்னடா?"

"இதெல்லாம் ஒரு மேட்டராக்கா?"

அதுதான்டா மேட்டர் என்றேன். இங்கிலீஷில் சொல்லணுமா என்று கேட்டான். முதலில் தமிழில் தடங்கல் இல்லாமல் சொல்லிப் பார், டேலி, ஷிப்ட், ரேக் எல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்றேன். சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்ற கேள்வி இன்னும் பாக்கி. அதற்கு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், இப்போது வாங்குகிற சம்பள சீட்டோடு.