நேரத்தை மாற்றிக்கொண்ட அன்பியம்

2006இல் இலங்கையின் மன்னார்த் தீவிலுள்ள பேசாலையிலிருந்து இரவில் படகேறினோம். நான், கணவர், ஆறு வயது மகன். விடியும் நேரத்தில் தனுஷ்கோடிக்கு அப்பால் ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து மண்டபம் அகதிகள் முகாமுக்கு வந்த கதையை நீட்டப் போவதில்லை. விசாரணை, பதிவு, ஒற்றை அறை, கிலோ 57 பைசாவுக்கு அரிசி என்று எல்லோருக்கும் நடந்ததுதான் எங்களுக்கும் நடந்தது. நான் சொல்ல வந்தது அதன் பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

அன்று பூசைக்குப் போனேன். கோயிலுக்குள் நுழைந்தபோது பயமில்லை. அதே பலிபீடம், அதே மாதா சுரூபம், முக்காடு போட்ட பெண்கள், வெளியே அதே உப்புக்காற்று. ஆனால் கர்த்தர் கற்பித்த செபம் வந்தபோது வாய் தடுமாறியது. ஆச்சி சொல்லித்தந்தபடி "பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே" என்று நான் தொடங்க, சுற்றியிருந்தவர்கள் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்றார்கள். என் குரல் தனியாகக் கேட்டது. பாதியில் நிறுத்திவிட்டேன். என் சொந்தச் செபத்தில்கூட நான் வெளியாள் ஆகிவிட்டேனே என்று கண் கலங்கியது.

பக்கத்தில் இருந்த அக்கா குனிந்து, "நீங்க உங்க மாதிரியே சொல்லுங்கம்மா. எங்க அப்பத்தாவும் பிதாவேன்னுதான் சொல்லும்" என்றார். கடல்பாசி எடுக்கப் போகிறவர். கைவிரல்கள் முழுக்கப் பாறை கீறிய தழும்பு. அவர்தான் அந்தத் தெரு அன்பியத்தின் தலைவி என்று பிறகு தெரிந்தது.

பங்கிலுள்ள குடும்பங்களை இருபது, முப்பதாகப் பிரித்து, முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடுவதுதான் அன்பியம். வேலை முடிந்து வரும் பெண்களுக்கு வசதியாக அவர்கள் இரவு ஏழு மணிக்குக் கூடுவார்கள். நாங்களோ மாலை ஆறு மணிக்குள் முகாமுக்குத் திரும்ப வேண்டும். அதைச் சொல்லி, வர இயலாது என்றேன். அக்கா மற்றவர்களிடம் கலந்து பேசினார். "அவுக வரட்டும், நேரத்தை நாம மாத்திக்கிருவோம்" என்று முடிவானது. ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. வாரம் முழுக்கக் கடலில் நனைந்த பெண்களுக்கு உறங்கக் கிடைத்த ஒரே பிற்பகல் அது. அதைத்தான் எங்களுக்காக விட்டுக்கொடுத்தார்கள். இன்றும் அதை நினைத்தால் மனம் நிறைகிறது.

அங்கே வேதாகமம் வாசிக்கும் முறை எனக்குப் புதிது. ஏழு படிகள் என்பார்கள். முதலில் ஆண்டவரை அழைப்பது. அப்புறம் வாசகம். மூன்றாவது படியில், மனதைத் தொட்ட ஒரு சொல்லையோ வரியையோ ஒவ்வொருவரும் மூன்று முறை சத்தமாகச் சொல்ல வேண்டும். விளக்கம் வேண்டாம், சொல் மட்டும். பிறகு அமைதி, பகிர்தல், இந்த வாரம் என்ன செய்யப் போகிறோம் என்ற பேச்சு, கடைசியில் அவரவர் மொழியில் செபம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் மூன்றாவது படியில் பேசலாம் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது.

ஒரு முறை லூக்கா ஐந்தாம் அதிகாரம். விடிய விடிய வலை போட்டும் மீன் கிடைக்காத சீமோனின் பகுதி. ஒரு பெரியம்மா, கணவரைக் கடலில் இழந்தவர், "இரவு முழுவதும், இரவு முழுவதும், இரவு முழுவதும்" என்றார். அடுத்தது என் முறை. வேறு சொல் எடுக்கத்தான் நினைத்தேன். வாயில் அதேதான் வந்தது. படகின் அடியில் மகனின் வாயைப் பொத்தியபடி கிடந்த இரவு. மூன்றாம் முறை சொல்லும்போது குரல் உடைந்தது. யாரும் காரணம் கேட்கவில்லை. அந்தப் பெரியம்மா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, கூட்டம் முடியும்வரை விடவில்லை.

அடுத்த ஆண்டு மறைக்கல்வி வகுப்பில் உதவக் கேட்டார்கள். பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குவதை மன்னாரில் நாங்கள் 'முதல் நன்மை' என்போம். இங்கே 'புதுநன்மை'. நான் 'கொப்பி எடுங்கோ' என்றால் பிள்ளைகள் விழிப்பார்கள், நோட்டு என்று மாற்றிக்கொண்டேன். சரி, சொற்கள் போகட்டும். சொல்லித்தர எனக்கு என்ன இருக்கிறது என்ற தயக்கத்தைத் தீர்த்துவைத்தது பக்கத்து ஊரான வேதாளை. இயேசு சபையின் முதல் வேதசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர், அந்தோனியோ கிரிமினாலி 1549இல் கொல்லப்பட்டது அங்கேதான். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1544இல், புதிதாக ஞானஸ்நானம் பெற்ற நூற்றுக்கணக்கானோர் மன்னாரில் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் ஆட்களால் கொல்லப்பட்டார்கள். தோட்டவெளியில் அவர்களின் நினைவாக ஆலயம் இருக்கிறது. இரண்டு கதையும் சவேரியார் காலத்துக் கதைகள். ஒன்றை என் ஆச்சி மடியில் கேட்டேன், மற்றொன்றை இங்கே வந்து படித்தேன். இரண்டையும் சேர்த்துச் சொன்னபோது ஒரு பையன், "அப்ப மன்னாரும் நம்ம பக்கந்தானா டீச்சர்?" என்றான். கரும்பலகையில் பாக் நீரிணையை வரைந்து, இரண்டு கரையையும் குறித்துக் காட்டினேன். பிப்ரவரியில் ஓரியூருக்குப் பேருந்தில் கூட்டிப்போனோம். இயேசு சபைக் குரு அருளானந்தர் 1693இல் தலை வெட்டப்பட்ட இடத்தின் செம்மண்ணைப் பிள்ளைகள் தாளில் மடித்துக் கொண்டுவந்தார்கள். என் மகனும் மடித்து வந்து, அறையில் மாதா படத்துக்குக் கீழே வைத்தான்.

கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவுக்கு மட்டும் நான் போக முடியாது. முகாம் அட்டையோடு அந்தப் படகில் ஏற வழியில்லை. போர் முடிந்த பிறகு ஒரு முறை அன்பியத்து அக்கா போனார். என் தங்கையும் அக்கரையிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தாள். முன்பின் பார்த்திராத இருவரும் கோயில் வாசலில் தேடிக் கண்டுபிடித்துப் பேசியிருக்கிறார்கள். அக்கா திரும்பும்போது இரண்டு சோப்புக் கட்டியும், பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு பழைய கொப்பியும் கொண்டுவந்தார். அம்மா கையால் எழுதிவைத்த தவக்கால ஒப்பாரிப் பாடல்கள்.

அந்த ஞாயிறு கூட்டம் எங்கள் அறையில். உள்ளே பத்துப் பேர், மற்றவர்கள் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். செபம் முடிந்ததும் கொப்பியைத் திறந்து, மாதா புலம்பும் பாட்டைப் பாடினேன். ராகம் எனக்குப் பாதிதான் நினைவில் இருந்தது. இரண்டாம் அடியிலேயே பெரியம்மா மெதுவாகப் பின்பாட்டுச் சேர்த்தார், தன் ஊர் ஒப்பாரி இழுப்பில். பெரிய வெள்ளிக்கு முன் எழுதித் தரும்படி எல்லோரும் கேட்டார்கள். பன்னிரண்டு பேருக்கு எழுதினேன். பெரியம்மாவுக்கு எழுத்து தெரியாது, அதனால் தினமும் மாலை ஐந்து மணிவரை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தேன்.