மெர்லோவின் அம்மா

ஜூலை 16, சேன்-சுலியாக்

பிரான்சின் வடமேற்கு மூலையான இந்தப் பிரிட்டனியில் திராட்சையா என்றுதான் யாரும் கேட்பார்கள், இங்கே குடிப்பதெல்லாம் ஆப்பிள் சைடர். ஆனால் ரான்ஸ் ஆற்றோரம் இருக்கும் மோன் கரோ என்ற இந்தக் குன்றின் சரிவில் ஒரு காலத்தில் திராட்சை போட்டிருக்கிறார்கள், அதைக் கைவிட்டு 200 வருடத்துக்கு மேல் ஆகிறது. 1990களில் இதே சரிவில் ஒரு கருந்திராட்சைக் கொடி கண்ணில் பட்டது. மரபணுவை எடுத்துப் பார்த்தால் தெரிந்த எந்த ரகத்தோடும் ஒத்துப்போகவில்லை.

ஜூலை 17

மழை. அறையிலேயே கிடந்து திராட்சை ரகங்களை ஆராயும் ழான்-மிஷேல் பூர்சிக்கோவும் கூட்டாளிகளும், மெர்லோ என்ற சிவப்பு ஒயின் திராட்சையின் பெற்றோரைப் பற்றி 2009-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். விஷயம் எளிதுதான்: மரபணுவின் ஒவ்வோர் இடத்திலும் பிள்ளைக்கு இரண்டு பிரதி, ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. மெர்லோவின் அப்பா கபர்னே ஃப்ரான் என்ற ரகம்; அது கொடுத்ததைக் கழித்துவிட்டால் மிச்சம் யாருடையது? இந்த அனாதைக் கொடியுடையது. மால்பெக் என்ற இன்னொரு ஒயின் திராட்சைக்கும் இதுவேதான் அம்மா, அப்பா மட்டும் வேறு, ப்ருனலார் என்ற ரகம். ஆக, பிரான்சின் ஒயின் பகுதியான போர்தோவில் மிக அதிகமாகப் பயிராகும் மெர்லோவும் அர்ஜென்டினா கொண்டாடும் மால்பெக்கும் ஒரு தாய் மக்கள். (1994-இல் சிலிக்குப் போய், அங்கே மெர்லோ என்று வளர்த்துக்கொண்டிருந்ததில் நிறைய கார்மெனேர் என்ற வேறு ரகம் ஐயா என்று சொன்னவரும் இதே பூர்சிக்கோதான். மனிதருக்கு என்ன கண்ணோ!)

ஜூலை 22, ஷாரான்த் (மேற்கு பிரான்ஸ்)

இன்று மகதலா மரியாள் திருநாள். இந்த ரகம் இந்தச் சமயத்திலேயே பழுத்துவிடும் என்பதால் ஊர்க்காரர்கள் மதலேன் (மகதலாவுக்குப் பிரெஞ்சுப் பெயர்) பழம் என்றே சொல்லிவந்தார்கள், ஆய்வாளர்கள் வைத்த பெயரும் அதிலிருந்துதான்: மக்தலேன் நுவார் தே ஷாரான்த். பிரிட்டனிக்கு அப்புறம் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் நாலு கொடிகள் அகப்பட்டன, நாலும் வீட்டு வாசலில் படரவிட்டவை. யாரும் ஒயினுக்காக வைத்திருக்கவில்லை, மற்றதெல்லாம் காயாக இருக்கும்போதே பறித்துத் தின்னலாமே என்றுதான். இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. பெரிய பெரிய ஒயின் மாளிகைகள் மகனை வைத்துப் பிழைத்தன, தாயைக் காப்பாற்றியது வாசலில் கொடி வைத்திருந்த வீட்டுக்காரர்கள். வழியில் ஒரு வீட்டு ஜன்னலைச் சுற்றி ஒரு கொடி ஏறியிருந்தது, ஆசையாக இறங்கிப் போய்ப் பார்த்தேன். குலை நிறையப் பச்சைக் காய், பட்டாணி அளவு, கல் மாதிரி. சரி, இது அது இல்லை. சுற்றிலும் தோட்டமெல்லாம் கோன்யாக் பிராந்திக்கான வெள்ளைத் திராட்சைதான்.

ஜூலை 24

அம்மாவின் ஒயின் எந்தக் கடையிலும் இல்லை. மால்பெக்கின் அப்பா ப்ருனலாரும் கிட்டத்தட்ட அழிந்துபோன ரகம்தான், ஆனால் தென்மேற்கு பிரான்சின் காயாக் பகுதியில் பிளாஜோல் குடும்பத்தார் அதை மீட்டு ஒயினாகவே விற்கிறார்கள். நாளைக்கு அந்தப் பக்கம் வண்டியை விடுகிறேன்.