கட்டில் இல்லாத விருந்தினர் அறை

"சுவரை மட்டும் பழையபடி காட்டுறீர் தம்பி, கட்டிலை ஏன் விட்டனீர்?"

லண்டனில் உள்ள டவர் ஹவுஸ் என்ற பழைய வீட்டின் விருந்தினர் அறையை மாணவர்களுக்காக நான் வரைந்த படத்தைப் பார்த்து அண்ணை கேட்டது இன்னும் காதில் ஒலிக்கிறது. அந்த அறையின் தங்கநிறக் கட்டிலை, வீட்டைத் தனக்காகவே கட்டிய கட்டடக் கலைஞர் வில்லியம் பர்ஜஸ் 1879-இல் இந்த அறைக்காகவே வடிவமைத்தார். இன்று அது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சொத்து. "அது இப்ப அங்க இல்லையே அண்ணை" என்றேன்.

"சுவரில இருக்கிறது மட்டும் பர்ஜஸ் காலத்துப் பூச்சோ?"

அங்கேதான் அகப்பட்டேன். 1960-களில் பூட்டிக் கிடந்த வீடு நாசமானது. 1969-இல் அதை வாங்கிய நடிகர் ரிச்சர்ட் ஹாரிஸ், முதலில் வண்ண அலங்காரம் செய்த அதே நிறுவனத்தை அழைத்து, பர்ஜஸின் வரைபடங்களைப் பார்த்துத் திரும்பத் தீட்டவைத்தார். அதை உண்மை என்று ஏற்கிற நான், கட்டிலை மட்டும் ஏன் தள்ளினேன்?

சுவர் வீட்டோடு நின்றது; கட்டில் போய்விட்டது. மாணவர்களுக்கான படத்தில் போனதைப் போனதாகவே காட்டவேண்டும் என்று நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். வெளியே நின்றால் சிவப்புச் செங்கல், கூம்புக் கூரை போட்ட வட்டப் படிக்கட்டுக் கோபுரம். இவ்வளவு சின்ன வீட்டுக்குள் அத்தனையா என்றிருக்கும். உள்ளே அறைக்கு ஒரு கருப்பொருள்: கூடத்துக்குக் காலம், பர்ஜஸின் படுக்கையறைக்குக் கடல், கணப்படுப்பின் மேல் கடற்கன்னி. விருந்தினர் அறைக்குப் பூமியும் அதன் விளைச்சலும்.

இதைச் சொல்லும்போதே என் வாதம் தளர்கிறது. சுவர், கூரை, கட்டில், அலமாரி எல்லாவற்றையும் ஒரே கை ஒரே கருத்தில் வரைந்தது. கட்டிலை எடுத்தால் அறையின் பேச்சு பாதியில் நின்றுவிடாதா? பர்ஜஸ் அந்த வீட்டில் வாழ்ந்ததே சொற்ப காலம். 1878-இல் குடிபுகுந்தார், 1881 ஏப்ரலில் அங்கேயே படுக்கையில் இறந்தார். அவர் நினைத்த முழு அறையைக் காட்ட ஒரு படமாவது வேண்டாமா?

ஆனால் வரைந்திருந்தால், அந்த வீட்டின் பொருள்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வெவ்வேறு அருங்காட்சியகங்களுக்குப் போன கதை மறைந்திருக்கும். அதுவும் வீட்டின் வரலாறுதான்.

கட்டிலின் வெளிக்கோட்டை மட்டும் மெல்லிய புள்ளிகளாக வரைந்து, அது இருக்கும் இடத்தைக் கீழே எழுதி அனுப்பினேன். அண்ணை பார்த்தார். "ரெண்டுமில்லாமல் வச்சிருக்கிறீர்" என்றார்.