வடசென்னையில் ஒரு தலைவரைப் பற்றிக் கேட்பது எப்படி

தண்டையார்பேட்டையில் ஏதோ ஒரு தெருவில் நின்று, முதலமைச்சர் எப்படிச் செயல்படுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்பவர் எந்தக் கட்சி என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். முதலமைச்சரைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பது பத்து நிமிடம் பேசினாலும் தெரியாமல் போகலாம். 'சூப்பரா பண்றாரு' என்பவர் வீட்டுக்கும் 'ஒண்ணுமே பண்ணல' என்பவர் வீட்டுக்கும் ஒரே மெட்ரோ வாட்டர் லாரிதான் வருகிறது. மழை பெய்தால் இருவர் வாசலிலும் ஒரே தண்ணீர்தான் தேங்குகிறது. இந்த இரண்டு பதில்களையும் கூட்டி வகுத்து 'மக்கள் கருத்து' என்று வெளியிடுவது இந்தப் பகுதிக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். கல்லூரி ஆய்வுக்கோ, குடியிருப்போர் சங்கத்துக்கோ, தேர்தல் நேரத்துச் செய்திக்கோ படிவத்தோடு தெருவில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கட்சிப் பற்றை அறியாமை என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் அங்கேயே தவறிவிடுகிறார்கள். திமுகவின் தொடக்கக் கூட்டமே ராயபுரம் ராபின்சன் பூங்காவில்தான் நடந்தது, 1949 செப்டம்பரில். துறைமுகம், ஆலைகள், எண்ணூர், மணலி தொழிற்சாலைகள் என்று வேலைக்குப் போன இடமெல்லாம் தொழிற்சங்கம் இருந்தது; சங்கத்தின் வழியே கட்சி வீட்டுக்குள் வந்தது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் படுக்கை கிடைக்காவிட்டாலும், ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனாலும், நள்ளிரவில் ஒரு சாவு விழுந்தாலும் ஓடி வருபவர் பெரும்பாலும் ஏதோ ஒரு கட்சியின் வட்டச் செயலாளர். அந்தக் கட்சியின் தலைவரைக் குறை சொன்னால், காலையில் கதவைத் தட்டி உதவியவரைக் குறை சொன்னதாக ஆகிவிடும். முன்பின் தெரியாத ஒருவர் படிவத்தை நீட்டியதும் அதைச் செய்ய யாருக்கு மனம் வரும்?

அதனால் பழி வேறு பக்கம் திரும்புகிறது. 'அவரு நல்லவருதான், கூட இருக்கறவங்கதான் சரியில்ல' என்பது எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் பொதுவான வாசகம். நல்லது நடந்தால் தலைவர், கெட்டது நடந்தால் அதிகாரி. எதிர்க்கட்சிக்காரருக்கு இதே கணக்கு தலைகீழ். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கும் நடுவே ஆட்சி மாறியது. 'இது இயற்கைச் சீற்றம்' என்ற பேச்சும் 'இது நிர்வாகத் தோல்வி' என்ற பேச்சும் கட்சி மாறி உட்கார்ந்துகொண்டன. கூட்டணி மாறும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும். வைகோ 1994இல் மதிமுகவைத் தொடங்கினார். 1998இல் அதிமுக கூட்டணி. 2002இல் அதிமுக ஆட்சியில் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் சிறை. 2004இல் திமுக கூட்டணி. 2006இல் மறுபடியும் அதிமுக. 2019இல் மறுபடியும் திமுக. மனிதர் ஒருவரே. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அவரைப் பற்றி இரு கட்சித் தொண்டர்களும் பேசியது புரண்டது.

ஆனால் வடசென்னை கண்ணை மூடிக்கொண்டு வாக்களிக்கிறது என்று யாராவது சொன்னால் முடிவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். சென்னையின் 16 தொகுதிகளில் 2011இல் அதிமுக கூட்டணிக்கு 14 கிடைத்தன. வெள்ளத்துக்கு அடுத்து வந்த 2016 தேர்தலில், மாநிலத்தில் அதிமுக ஆட்சியைத் தக்கவைத்தபோதே, சென்னையில் திமுக 10 இடங்களைப் பிடித்தது. 2021இல் 16ம் திமுக அணிக்கு. ஜெயலலிதா மறைவால் வந்த ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டி 2017 ஏப்ரலில் அதை ரத்து செய்தது தேர்தல் ஆணையம். டிசம்பர் 21 அன்று நடந்தபோது, குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி.தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். எதிரே நின்ற அதிமுகவின் இரட்டை இலை தோற்றது. திமுக வேட்பாளர் டெபாசிட் இழந்தார். பணத்தின் பங்கை ஒதுக்கிவிட்டு இந்த முடிவைப் படிக்க முடியாது. இருந்தாலும் ஒன்று தெரிகிறது: சின்னத்தின் மீதான பற்று, மறைந்த தலைவர் மீதான பற்று, தெருவில் வேலை செய்யும் ஆட்கள் மீதான நம்பிக்கை மூன்றும் தனித்தனி. படிவத்திலும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும்.

யாரைக் கேட்பது என்பதிலிருந்து தொடங்கலாம். டீக்கடையில், மன்ற வாசலில், மார்க்கெட்டில் நின்று கேட்பது வீண். அங்கே நேரம் இருப்பவர்களும் பேச ஆசைப்படுபவர்களும்தான் கிடைப்பார்கள். அவர்களில் கட்சிக்காரர்கள் அதிகம். வாக்காளர் பட்டியலிலிருந்து எடுங்கள். வடசென்னை மக்களவைத் தொகுதியில் திருவொற்றியூர், ஆர்.கே.நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க.நகர், ராயபுரம் என ஆறு சட்டமன்றத் தொகுதிகள். அவற்றில் 20 பாகங்களை (ஒரு வாக்குச்சாவடிக்கான பட்டியல் ஒரு பாகம்) குலுக்கலில் எடுத்து, பாகத்துக்கு 20 பேர் என்றால் 400 பேர். ஒரு பாகத்தில் 1100 பெயர் இருந்தால் 1100ஐ 20ஆல் வகுத்து 55. 1 முதல் 55க்குள் ஏதோ ஒரு எண்ணைக் குலுக்கலில் எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு 55ஆவது பெயர். வீடு மாறியவர்கள், இறந்தவர்கள் இருப்பார்கள் என்பதால் 30 பெயராக எடுத்து வைப்பது நல்லது. அப்போது இடைவெளி 36 ஆகும். ஆள் இல்லையென்றால் வேறு நேரத்தில் இரண்டு முறையாவது திரும்பப் போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு நிரப்பிவிட்டால் டீக்கடைப் பிரச்சினை பின்வாசல் வழியாக வந்துவிடும்.

காசிமேட்டில் விசைப்படகுக்காரர்கள் பல நாள் கடலில் இருப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் இருப்பார்கள், ஆனால் அது வருமானமில்லாத காலம், நிவாரணத் தொகையை எதிர்பார்க்கும் காலம். கோபம் கூடுதலாகவே பதிவாகும். எண்ணூர், மணலியில் ஷிஃப்ட் பார்த்துப் போக வேண்டும். தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் எந்த வீட்டுக்கும் போகாதீர்கள்.

கேள்விகளின் வரிசையில்தான் பாதி வேலை இருக்கிறது. கட்சியை முதலில் கேட்டால் பிறகு வரும் எல்லாப் பதில்களும் கட்சியாகவே வரும். முதலில் நடப்பு: தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, கடந்த மழையில் வாசலில் எத்தனை நாள் தேங்கியது, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குப் புகை எட்டுகிறதா, பெண்களுக்கு அரசு தரும் மாதத் தொகை வீட்டில் யாருக்காவது வருகிறதா. பிறகு, இது யாருடைய பொறுப்பு: கவுன்சிலரா, மாநகராட்சியா, எம்.எல்.ஏ.வா, அமைச்சரா, முதலமைச்சரா, மத்திய அரசா. அதன் பிறகு தலைவர்களைப் பற்றிய மதிப்பீடு. கடைசியில்தான் கட்சி. திட்டத்தின் பெயரைச் சொல்லாமல் திட்டத்தை விவரியுங்கள். 'அம்மா உணவகம்' என்றால் பெயரைக் கேட்டே பாதிப் பேர் முடிவு செய்துவிடுவார்கள். 'மாநகராட்சி நடத்தும் ஒரு ரூபாய் இட்லிக் கடை' என்று கேட்டால் இட்லியைப் பற்றிப் பேசுவார்கள். தலைவர்களையும் பட்டப்பெயரால் குறிப்பிடாமல் பதவியைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

படிவத்தை இரண்டாக அச்சடிப்பது எளிய, மிகப் பயனுள்ள உத்தி. 200 பேருக்கு 'தமிழக அரசின் செயல்பாடு எப்படி', மற்ற 200 பேருக்கு முதலமைச்சரின் பெயரைச் சொல்லி அதே கேள்வி. பெயர் வந்ததும் ஆதரவாளர் மதிப்பெண் எவ்வளவு ஏறுகிறது, எதிர்ப்பாளர் மதிப்பெண் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். தலைவரின் பெயர் மட்டுமே பதிலில் எவ்வளவு இழுக்கிறது என்பது அந்த வித்தியாசத்தில் தெரியும். எல்லாவற்றுக்கும் 'ரொம்பத் திருப்தி' என்று டிக் போடுகிறவரிடம், 'அவர் இன்னும் செய்யாமல் விட்டது ஒன்று சொல்லுங்க' என்று கேளுங்கள். தலைவரைக் குறை சொல்ல மாட்டார், ஆனால் விட்டுப்போனதைச் சொல்வார், அதுவும் தெரு பெயரோடு. எதிர்ப்பாளரிடம், 'இந்த ஆட்சியில் உருப்படியாக நடந்தது ஒன்று'. இந்த இரண்டு கேள்விகளுக்கு வரும் பதில்களைத்தான் நான் முதலில் படிப்பேன். மனதில் நினைப்பது ஒன்று, கட்சிக்காகச் சொல்வது வேறு என்பது எங்கும் உண்டு. தகவல் கேள்விகளில் சரியான விடைக்குச் சிறு தொகை தருவதாகச் சொன்னதும் இரு கட்சியினரின் பதில்களுக்கு நடுவே இருந்த இடைவெளி குறைந்ததை 2015இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வுகள் காட்டின.

குறுகிய சந்தில் ஒருவரைத் தனியாகப் பிடிப்பது கடினம். திண்ணையில் நாலு பேர் கூடிவிட்டால் முதலில் சத்தமாகப் பேசியவர் கருத்தே எல்லோருடையதாகிவிடும். பல வீடுகளில் மனைவி பதில் சொல்லும் முன் கணவர் முகத்தைப் பார்ப்பார். பெண்களைப் பெண்களே கேட்கட்டும். வாக்கு யாருக்கு என்ற கேள்வியை வாயால் கேட்காதீர்கள். டெல்லியில் உள்ள லோக்நிதி ஆய்வு அமைப்பு செய்வதுபோல், சின்னங்கள் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டையும் ஒரு சின்னப் பெட்டியையும் கொடுத்து, அவரே முத்திரையிட்டு மடித்துப் போடச் செய்யலாம்.

பற்றை அளக்க ஒரு கேள்வி போதாது. எந்தக் கட்சியாவது உங்களுக்கு நெருக்கமானதா? கடந்த மூன்று தேர்தல்களில் ஒரே கட்சிக்குத்தான் வாக்களித்தீர்களா? வேட்பாளர் பிடிக்காவிட்டாலும் அதே சின்னமா? மூன்றுக்கும் ஆம் என்றால் உறுதியான ஆதரவாளர். மூன்றுக்கும் இல்லை என்றால் பற்றில்லாதவர்.

இப்போது கணக்கு. ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம்: 400 பேரில் ஆளுங்கட்சி ஆதரவாளர் 140, எதிர்க்கட்சி 120, பற்றில்லாதவர் 140. முதலமைச்சர்மீது திருப்தி முறையே 85, 15, 45 சதவீதம். மொத்தம் 200 பேர், சரியாக 50 சதவீதம். ஆறு மாதம் கழித்து வேறு 400 பேரைக் கேட்கிறீர்கள். மூன்று பிரிவின் அளவும் அதேதான். பற்றில்லாதவர்களிடம் மட்டும் 45 என்பது 30 ஆகிவிட்டது. மொத்தம் 179 பேர், ஏறக்குறைய 45 சதவீதம். 400 பேர் கொண்ட இரண்டு சுற்றுகளை ஒப்பிடும்போது 7 புள்ளி வரை ஏறி இறங்குவது வெறும் தற்செயலாக இருக்கலாம், ஆகவே 'பெரிய மாற்றமில்லை' என்று தலைப்பு வந்துவிடும். பற்றில்லாத 140 பேருக்குள் அந்தத் தற்செயல் எல்லை சுமார் 11 புள்ளி. 15 புள்ளிச் சரிவு அதைத் தாண்டிவிட்டது. ஒரே தெருக்காரர்கள் ஒத்த பதில் சொல்வதால் இந்த எல்லைகள் நடைமுறையில் இன்னும் சற்று அகலம் என்பதையும் மறக்க வேண்டாம். அதனால்தான் மொத்தச் சராசரியை மட்டும் வெளியிடக் கூடாது என்கிறேன். மூன்று பிரிவையும் தனித்தனியாகப் போட வேண்டும்.

இன்னொரு பொறி இருக்கிறது. ஒரு கட்சி தோற்றதும் 'நான் அந்தக் கட்சி' என்று சொல்பவர்கள் குறைவார்கள். மிச்சம் நிற்பவர்கள் உறுதியானவர்கள், ஆகவே அந்தக் கட்சி ஆதரவாளர்களிடம் தலைவரின் மதிப்பு கூடியதுபோலத் தெரியும். கூடியதெல்லாம் இல்லை, சுமாராக நினைத்தவர்கள் பட்டியலை விட்டு வெளியேறிவிட்டார்கள். எனவே ஆதரவாளர்களின் சதவீதத்தைச் சொல்லும்போது அவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். போன தேர்தலில் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டு இதைச் சரிசெய்யலாம் என்று தோன்றும். அதிலும் ஜெயித்தவருக்குப் போட்டதாகச் சொல்பவர்கள் உண்மையில் போட்டவர்களைவிட அதிகமாக இருப்பார்கள்.

கடைசியாக, பெயரும் கட்சியும் ஒரே தாளில் இருக்கக் கூடாது. யார் எந்தக் கட்சி என்ற பட்டியல் கைமாறினால் ஒரு தெருவில் ஒரு குடும்பத்துக்கு நிவாரணமோ சான்றிதழோ தாமதமாகலாம். அந்த பயம் நியாயமானது. முகவரித் தாளில் முகவரியோடு ஒரு வரிசை எண், பதில் தாளில் அதே எண் மட்டும், இரண்டும் வேறு வேறு ஆட்களிடம். திரும்பப் போய்ப் பார்க்க வேண்டிய வீடுகள் முடிந்த அன்றே முகவரித் தாளைக் கிழித்து அழித்துவிடுங்கள். தெருக்காரர் யாராவது வந்து 'எங்க ஏரியால யாரு என்ன சொன்னாங்க' என்று கேட்டால், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், 20 பாகங்களின் மொத்தக் கணக்குக்குக் கீழே எதையும் காட்டாதீர்கள்.