பின்வளவில் ஹொட் ரப்: ஜெற்றை எண்ணாதீர்கள், நிலத்தையும் வயரையும் பாருங்கள்

ஹொட் ரப் எனும் வெந்நீர்த் தொட்டி வாங்கப் போனால், கடையில் முதலில் காதில் விழுவது ஜெற் எனும் தண்ணீர் பீறிடும் துளைகளின் எண்ணிக்கைதான்: நாற்பது, அறுபது, எண்பது. ஒரே பம்பில் இருந்து அறுபது துளைக்குத் தண்ணீர் பிரிந்து போனால் ஒவ்வொன்றிலும் வேகம் குறையும். இரண்டு பம்பும் முப்பத்தைந்து ஜெற்றும் உள்ள தொட்டி முதுகை இன்னும் நன்றாகப் பிடித்துவிடும். விளம்பரத்தில் போட்டிருக்கும் குதிரைவலுவும் பெரும்பாலும் உச்சக் கணக்குத்தான். மோட்டரில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை அம்பியர் என்று பாருங்கள். அது பொய் சொல்லாது.

கனடாவின் ஒன்ராறியோவில் ஹொட் ரப்பின் செலவைத் தீர்மானிப்பது குளிர்காலம். ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, மூடி போட்டுச் சும்மா இருக்கும்போது எத்தனை வாற் இழுக்கும் என்பது. இதை அளக்கும் கனடியத் தரம் சி.எஸ்.ஏ. சி374. விற்பனையாளரிடம் அந்த எண் கிடைக்காவிட்டால், கலிஃபோர்னியா எரிசக்தி ஆணையத்தின் இணையப் பட்டியலில் மொடல் பெயரைத் தேடிப் பாருங்கள். அங்கே விற்கப்படும் தொட்டிகளின் சும்மா இருக்கும் நேரத்து மின்செலவு அதில் பதிவாகியிருக்கும்.

உள்ளே முழுக்க ஃபோம் அடித்த தொட்டி சூட்டை நன்றாகக் காக்கும். ஆனால் பைப் ஒழுகினால் ஃபோமைத் தோண்டித்தான் ஒழுக்கைத் தேட வேண்டும். ஓரத்தில் மட்டும் காப்பு வைத்த தொட்டியில் பழுதுபார்ப்பது சுலபம். தரம் குறைந்த தயாரிப்பென்றால் ஜனவரியில் மின்கட்டணத்தில் தெரியும். இரண்டில் ஒன்று என்றால் இங்கத்தைய குளிருக்கு முழு ஃபோமே மேல். இணையத்தில் மலிவாக வரும் இறக்குமதித் தொட்டிகளில் சி.எஸ்.ஏ., சி.யூ.எல். அல்லது சி.ஈ.ரி.எல். எனும் மின் பாதுகாப்பு முத்திரைகளில் ஒன்று இருக்கிறதா என்று காசு கொடுக்குமுன் பாருங்கள். முத்திரை இல்லாததை மின் பரிசோதகர் ஏற்கமாட்டார்.

சாதாரணச் சுவர்ச் சொக்கற்றில் கொழுவும் 120 வோல்ற் தொட்டி போதுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு பேர் இருக்கும் தொட்டிக்கு ஏறக்குறைய 1,350 லீற்றர் பிடிக்கும். 8 பாகையில் வரும் குழாய்த் தண்ணீரை 38 பாகைக்குக் கொண்டுவர 47 கிலோவாற் மணி வேண்டும். 240 வோல்ற் தொட்டியின் 4 கிலோவாற் ஹீற்றர் அதை 12 மணித்தியாலத்தில் முடிக்கும், 5.5 கிலோவாற் என்றால் ஒன்பதுக்குள். 120 வோல்ற் தொட்டியின் 1 கிலோவாற் ஹீற்றர் இரண்டு முழு நாள் எடுக்கும், வெளியே போகும் சூடு தனிக் கணக்கு. அத்துடன் பல 120 வோல்ற் தொட்டிகளில் ஜெற் வேகமாக ஓடும்போது ஹீற்றர் நின்றுவிடும். மைனஸ் 15இல் மூடியைத் திறந்து ஜெற்றைப் போட்டால், நீங்கள் இருக்க இருக்கத் தண்ணீர் ஆறும். கோடைக்கும் இலையுதிர் காலத்துக்கும் மட்டும் என்றால் அது போதும். பனிக்குள் இருந்து குளிக்கும் ஆசை இருந்தால் 240தான்.

இனி நிலம். தண்ணீர் 1,350 கிலோ, வெறும் தொட்டி 380, ஆறு பேர் 450: மொத்தம் 2,180 கிலோ. 2.1 மீற்றர் சதுரத் தொட்டியில் இது ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 500 கிலோ. டெக் எனும் வீட்டு வெளி மரத் தளங்கள் வழக்கமாக ஒரு சதுர மீற்றருக்கு 195 கிலோ பாரத்துக்குத்தான் வடிவமைக்கப்படுகின்றன. ஆகவே இருக்கிற டெக்கின்மேல் தூக்கி வைக்கும் யோசனையை விடுங்கள். கட்டாயம் என்றால் பொறியியலாளரின் வரைபடமும் நகரசபை அனுமதியும் வேண்டும்.

நிலத்தில் வைப்பதற்கு நல்லது கொங்கிறீற் தளம். தொட்டியை விட ஒவ்வொரு பக்கமும் 20 சென்ரிமீற்றர் கூட்டி 2.5 மீற்றர் சதுரம். மேல்மண்ணை முழுதாக எடுத்துவிட்டு, 15 சென்ரிமீற்றர் சரளைக்கல் போட்டு, இரண்டு அடுக்காக இயந்திரத்தால் இறுக்க வேண்டும். அதன்மேல் 10 சென்ரிமீற்றர் கொங்கிறீற். கம்பி வலையோ கம்பியோ தடிப்பின் நடுவில் நிற்க வேண்டும். அடியில் விழுந்து கிடக்கும் கம்பியால் பயன் இல்லை. இந்த அளவுக்குக் கொங்கிறீற் 0.63 கன மீற்றர் போகும். வெளித்தளத்துக்கு 32 எம்.பி.ஏ. வலு, 5 முதல் 8 வீதம் காற்றுக் குமிழி சேர்த்த கலவை என்று கேட்டு எடுங்கள். காற்றுக் குமிழி இல்லாத கொங்கிறீற்றின் மேற்பரப்பு உறைந்து இளகும்போது செதில் செதிலாகக் கழரும். தொட்டி வைக்குமுன் குறைந்தது ஏழு நாள் காயவிடுங்கள்.

தளம் மட்டமாக இருக்க வேண்டும், மழைத்தண்ணீர் ஓடச் சரிவு வைக்கத் தேவையில்லை. நடைபாதைக் கல்லின்மேல் வைத்தால் மூலைகள் ஒவ்வொன்றாக இறங்கும். தொட்டியின் ஒரு மூலை தாங்கலில்லாமல் தொங்கினால் ஓட்டில் வெடிப்பு விழும். நிலமே காரணம் என்று தெரிந்தால் உத்தரவாதமும் கிடைக்காது. வீட்டுக் கூரைத் தண்ணீர் விழும் இடத்தையும் தவிருங்கள்.

தொட்டி வரும் வழியை அளக்காமல் ஓர்டர் கொடுப்பவர்கள் அதிகம். தொட்டியைப் பக்கவாட்டில் நிமிர்த்தித்தான் தள்ளி வருவார்கள். அப்போது அகலம் 90 முதல் 100 சென்ரிமீற்றர், உயரம் வண்டிலோடு சேர்த்து 2.4 மீற்றருக்கு மேல். புதிய குடியிருப்புகளில் இரண்டு வீட்டுக்கு இடைப்பட்ட ஒடுக்கம் 1.2 மீற்றர் என்று வரைபடத்தில் இருக்கும். அதில் காஸ் மீற்றர் ஒரு சாண் வெளியே நிற்கும், ஏசிப் பெட்டி இன்னும் கொஞ்சம் நிற்கும். மிக ஒடுங்கிய இடத்தை அளந்து எழுதுங்கள். படலையின் திறந்த அகலத்தையும் கூரை ஓரத்தின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். போகாது என்றால் கிரேன்தான், அதன் வாடகையை இப்போதே விலையில் சேர்த்துப் பாருங்கள். வைத்த பிறகு பம்ப் இருக்கும் பக்கம் ஒரு ஆள் குந்தி வேலை செய்ய 60 சென்ரிமீற்றர் விடுங்கள், மூடி தூக்கும் கை மடங்கும் பக்கமும் கிட்டத்தட்ட அவ்வளவு வேண்டும். பம்பைச் சுவரோடு ஒட்டி வைத்தால் முதல் பழுதுக்குத் தொட்டியை வடித்து நகர்த்த வேண்டிவரும்.

மின்சாரம் சில்லறை வேலை அல்ல. வழக்கமாக வேண்டியது 240 வோல்ற், 50 அம்பியர் ஜி.எஃப்.சி.ஐ. பிறேக்கர் (மின்கசிவு வந்தால் தானே நிறுத்துவது), 6 கேஜ் செம்பு வயர் நாலு: இரண்டு உயிர்க்கம்பி, ஒரு நியூற்றல், ஒரு நிலக்கம்பி. பழைய வீடுகளில் 100 அம்பியர் பனல் இருக்கும். அதில் அடுப்பு, துணி உலர்த்தி, ஏசி, மின்காருக்குச் சார்ஜர் எல்லாம் ஏற்கனவே ஏறியிருந்தால் முதலில் பாரக் கணக்குப் போடச் சொல்லுங்கள். பனலை மாற்றும் செலவு சிலவேளை தொட்டி விலையில் கால்வாசிக்குப் போகும்.

யூரியூப்பில் வரும் வீடியோக்களில் பல அமெரிக்காவில் எடுத்தவை. அங்கே நிறுத்தும் சுவிற்சை தண்ணீரில் இருந்து 5 அடி தள்ளி வைக்கச் சொல்வார்கள். கனடிய விதி வேறு: ஜி.எஃப்.சி.ஐ. தண்ணீரில் இருந்து 3 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும், அல்லது குளிப்பவரின் கை எட்டாதபடி தடுப்புக்குப் பின்னால் இருக்க வேண்டும். பைப்புக்குள் போகும் வயர் வாகனம் ஓடாத நிலத்தில் 450 மில்லிமீற்றர் ஆழத்தில் புதைய வேண்டும். மேலே மின்கம்பி போகும் இடத்தின்கீழ் தொட்டி வைக்க நினைக்காதீர்கள். 1.5 மீற்றருக்குள் உலோக வேலியோ கசீபோ எனும் கூரைப் பந்தலோ இருந்தால் அதை நிலக்கம்பியோடு இணைக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

தோண்டுமுன் ஒன்ராறியோ வன் கோல் எனும் சேவைக்கு அறிவியுங்கள். இலவசம், சட்டப்படி கட்டாயமும்கூட. காஸ், மின்சார, தொலைபேசி வழிகளைக் குறித்துத் தருவார்கள். ஆள் பிடித்துச் செய்வதென்றால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர்தான் செய்யலாம். வேலை தொடங்க ஈ.எஸ்.ஏ. எனும் மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்தல் போக வேண்டும். பரிசோதனைப் பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், வீடு விற்கும்போதும் கேட்பார்கள், காப்புறுதிக்காரரும் கேட்பார்கள். தெரிந்த அண்ணை ஒருத்தர் பாதி விலையில் செய்து தருகிறேன் என்றால், அவரிடம் உரிம இலக்கம் கேளுங்கள்.

புதுத்தொட்டியில் பிறேக்கர் போட்டவுடன் விழுந்தால் பெரும்பாலும் நியூற்றல் பிழைதான். ஜி.எஃப்.சி.ஐ. பிறேக்கரில் இருந்து வரும் சுருள் வெள்ளை வயர் பனலின் நியூற்றல் பட்டையில் ஏற வேண்டும். தொட்டிக்குப் போகும் நியூற்றல் பட்டையில் அல்ல, பிறேக்கரிலேயே ஏற வேண்டும். இரண்டையும் பட்டையில் ஏற்றினால் தொட்டி இயங்கத் தொடங்கும் கணமே விழும். சில மாதம் கழித்து விழத் தொடங்கினால் ஹீற்றரைச் சந்தேகியுங்கள்: அதன் இரண்டு வயரையும் கழற்றிவிட்டுப் பிறேக்கரைப் போட்டு, அது விழாமல் நின்றால் ஹீற்றர் போய்விட்டது. வயரை மின்சாரத்தை முழுதாக நிறுத்தித்தான் கழற்ற வேண்டும்.

வேலி விதி ஒவ்வொரு நகரசபைக்கும் ஒவ்வொன்று. பூட்டுள்ள கடின மூடி போதும் என்று சிலர் ஏற்பார்கள், நீச்சல் குளத்துக்குரிய வேலி கேட்பவர்களும் உண்டு. கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தண்ணீர் நிரப்பும்போது ஹோஸை ஃபில்ரர் குழிக்குள் விடுங்கள். இருக்கைப் பக்கமாக நிரப்பினால் பம்புக்குள் காற்று அகப்பட்டு, மோட்டர் முனகும், தண்ணீர் வராது, திரையில் எஃப்.எல்.ஓ. என்று வரும். அப்படியானால் மின்சாரத்தை நிறுத்தி, பம்பின் மேல் பைப் மூட்டைக் கால்வாசித் திருப்பு இளக்கி, சீறல் நின்று தண்ணீர் கசியத் தொடங்கியதும் இறுக்குங்கள். தொட்டி நிரம்பாமல் பிறேக்கரைப் போடவே கூடாது, ஹீற்றர் காய்ந்து எரியும்.

தொழிற்சாலையில் பரிசோதித்த தண்ணீர் புதுத்தொட்டியின் பைப்புகளில் தங்கி வழுவழுப்பு வளர்ந்திருக்கும். முதல் நிரப்பலில் பைப் கழுவும் மருந்து போட்டு ஓடவிட்டு, வடித்துவிட்டு மறுபடி நிரப்புங்கள். பிறகு வரிசை முக்கியம். முதலில் காரத்தன்மை, 80 முதல் 120 பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு); 1,350 லீற்றரில் 10 பி.பி.எம். கூட்ட 23 கிராம் அப்பச்சோடா போதும். அடுத்து பி.எச். எனும் அமில-கார அளவு, 7.4 முதல் 7.6. ஜெற்றின் காற்று பி.எச்.சை எப்போதும் மேலே தள்ளும், ஆகவே குறைக்கும் மருந்துதான் அதிகம் செலவாகும். கல்சியக் கடினம் 150 முதல் 250. ரொறன்ரோ குழாய்த் தண்ணீரில் சுமார் 120 இருப்பதால் கொஞ்சம் கூட்டினால் சரி. கடைசியாகக் குளோரின் 3 முதல் 5 பி.பி.எம்.; டைகுளோர் எனும் குளோரின் தூள் 7 கிராம் போட்டால் 3 கூடும். டைகுளோர் தொடர்ந்து போட்டால் சயனூரிக் அமிலம் சேர்ந்து குளோரினின் வேகத்தை மழுக்கும். அது 50ஐத் தாண்டினால் மணமில்லாத வெறும் பிளீச்சுக்கு மாறுங்கள். நீச்சல் குளத்துக்கான டிரைகுளோர் வில்லையைத் தொடாதீர்கள். அதன் அமிலம் ஹீற்றரையும் மூடியையும் அரிக்கும். எந்த இரண்டு மருந்தையும் ஒரே கோப்பையில் கலக்கவும் வேண்டாம்.

சனிக்கிழமை எண்ணெய் முழுக்கைத் தொட்டியில் முடிக்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். நல்லெண்ணெய் வைத்த தலை ஒன்று இறங்கினால் நுரை ததும்பும், ஃபில்ரர் பிசுக்குப் பிடித்து அடைக்கும். முதலில் ஷவரில் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள். தண்ணீர் 40 பாகைக்கு மேல் போகக் கூடாது. கர்ப்பிணிகளும் இரத்த அழுத்தம், இருதயக் கோளாறு உள்ளவர்களும் டொக்ரரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம், சின்னப் பிள்ளைகளுக்கு இது இடமல்ல.

தண்ணீரை மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நவம்பர் கடைசியில் ஒன்று, மார்ச் கடைசியில் ஒன்று என்று திட்டமிட்டால் கடும் குளிரில் வடிக்க வேண்டிவராது. வடிக்குமுன் மருந்து போடாமல் சில நாள் விட்டு, குளோரின் பூச்சியம் என்று பார்த்துவிட்டுப் புல்லில் விடுங்கள். தெருவோர வடிகால் ஆற்றுக்கும் ஏரிக்கும் நேராகப் போகிறது.

2013 டிசம்பர் ஐஸ் புயலில் ரொறன்ரோவில் பல வீடுகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு நாள் வந்தால் மூடியைத் திறக்காதீர்கள். 1,350 லீற்றர் தண்ணீர் ஒரு பாகை ஆற 1.6 கிலோவாற் மணி போக வேண்டும், நல்ல மூடி போட்ட தொட்டியில் அதற்கு மூன்று நாலு மணித்தியாலம் எடுக்கும். தொட்டித் தண்ணீர் உறைய நாட்கள் ஆகும். பம்பிலும் மெல்லிய பைப்பிலும் அசையாமல் நிற்கும் தண்ணீர்தான் முதலில் உறையும். பெட்டியைச் சுற்றிக் கம்பளம் போட்டுக் கட்டுங்கள். ஜெனரேற்றர் இருந்தால் பம்ப் அறைக்குள் சூடு தரும் பழைய மாதிரி 100 வாற் மின்குமிழ் ஒன்றை ஃபோமிலும் பைப்பிலும் படாமல் தொங்கவிட்டால் போதும். ஜெனரேற்றர் யன்னலில் இருந்து தூரத் தள்ளி நிற்கட்டும். ஹீற்றர் பழுதாகி, திருத்துபவர் வர ஒரு வாரம் ஆகும் என்றாலும் தண்ணீரை அவசரப்பட்டு வடிக்க வேண்டாம். பம்ப் ஓடினால் போதும், சுற்றும் தண்ணீர் சுலபத்தில் உறையாது. பம்பும் நின்றுவிட்டால் மட்டும் வடியுங்கள். வெறும் வடிகால் வாயால் வடித்தது போதாது: பம்பின் வடிகால் அடைப்பானையும் மூட்டுகளையும் திறந்து, ஈரம் உறிஞ்சும் வக்கியூமை ஊதும் பக்கம் மாற்றி ஒவ்வொரு ஜெற்றிலும் தண்ணீர் வருவது நிற்கும்வரை ஊதுங்கள்.